எதிர்கால ஸ்டைல் ஸ்னீக்கர்: தோற்றம் 9, பொருத்தம் 5, சொகுசு 7. சராசரி பார்த்து வைத்துக்கொள்ளலாமா?

வெள்ளிநிலா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. இவ்வளவு நாள் வாசிப்பதோடு சரி, இப்போதுதான் சொந்தமாக ஒரு இழை போடுகிறேன்.

ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். பிராண்ட் பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். படம் போட்டிருக்கிறேன். வெள்ளி நிறம். மேல்பகுதி முழுக்க ஒரே துண்டுப் பின்னல், தனியாக நாக்கு கிடையாது, காலை அப்படியே உள்ளே நுழைக்க வேண்டியதுதான். லேஸ் பேருக்கு இருக்கிறது. இரு பக்கமும் மீன் செவுள் மாதிரி பளபளப்பான பிளாஸ்டிக் கூடு. கீழே அலை அலையாகச் செதுக்கிய தடித்த நுரை. அது குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது. முன்பக்கம் நன்றாக மேல்நோக்கி வளைந்திருக்கிறது.

என் மதிப்பெண்: தோற்றம் 9, பொருத்தம் 5, சொகுசு 7. கூட்டி வகுத்தால் 7 வருகிறது. 7 நல்ல மார்க்தானே? ஆனால் மனசு ஒட்டவில்லை. மாற்றிக்கொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறது. வைத்துக்கொள்வதா, திருப்புவதா? காரணத்தோடு சொல்லுங்கள்.

கட்டைவிரல்

படம் பார்த்தேன். காலில் போடுற பொருளா, மேஜையில வைக்கிற பொருளான்னு ஒரு நிமிஷம் குழம்பிட்டேன். 9 ரொம்ப ஓவர் ப்ரோ. என் கணக்குல 4. அதுல 2 மார்க் தைரியத்துக்கு.

பழைய_சோல்

கட்டைவிரல் சிரிக்க வைத்துவிட்டார். ஆனால் "விசித்திரமாக இருக்கிறது" என்பது மட்டும் குறையாகிவிடாது. ஸ்னீக்கர் வரலாற்றில் முக்கியமான பல ஷூக்கள் வந்த புதிதில் விசித்திரமாகத்தான் தெரிந்தன.

1987-ல் நைக்கி ஏர் மேக்ஸ் 1 வந்தது. வடிவமைத்தவர் டிங்கர் ஹாட்ஃபீல்ட். கட்டடக்கலை படித்தவர். பாரிஸில் இருக்கும் பாம்பிடு மையத்தில் குழாய்களும் நகரும் படிக்கட்டுகளும் கட்டடத்துக்கு வெளியே தெரியும்படி அமைந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் சோலுக்குள் ஒளிந்திருந்த காற்றுப்பையை ஜன்னல் வைத்து வெளியே காட்டினார். 1994-ல் ரீபாக்கின் இன்ஸ்டாபம்ப் ஃபியூரி. ஸ்டீவன் ஸ்மித் வடிவமைத்தது. லேஸே இல்லை, மேல்பகுதியில் பாதியைக் காணோம். ஏன்? காற்றடைத்த பையே பாதத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. பிடிக்க வேறு ஒன்று இருக்கும்போது மற்றதெல்லாம் சுமை என்று வெட்டி எடுத்துவிட்டார். 1997-ல் நைக்கியின் ஃபோம்போசிட். தைத்த துண்டுகளுக்குப் பதிலாக அச்சில் வார்த்த ஒரே ஓடு. வண்டின் முதுகு மாதிரி மினுங்கும்.

மூன்றுமே அந்தக் காலத்தில் வேற்றுக்கிரகச் சரக்குதான். ஆனால் ஒவ்வொன்றிலும் அந்தக் கோலத்துக்கு ஒரு வேலை இருந்தது.

வெள்ளிநிலா, உங்களிடம் ஒரே கேள்வி. அந்தச் செவுள்கள் ஏதாவது வேலை செய்கின்றனவா? லேஸை இழுத்துக் கட்டும்போது அவை அசைகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

வெள்ளிநிலா

இப்போதே பார்த்தேன். அசையவே இல்லை சார். லேஸ் பின்னலில் தைத்த சின்ன வளையங்கள் வழியாகப் போகிறது. இறுக்கினால் நடுவில் துணி சுருங்குகிறது, அவ்வளவுதான். கூடு பின்னலின் மேல் ஒட்டியிருக்கிறது. லேஸுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பழைய_சோல்

அப்போது அது நகை. நகை போடக்கூடாது என்று சொல்லவில்லை. பாதத்தைப் பிடிக்கும் கூடு என்று நினைத்து அதற்கு மார்க் போடாதீர்கள் என்கிறேன்.

2012-ல் நைக்கியின் ஃப்ளைநிட் வந்தபோது பின்னல் துணி பாதத்தை எப்படிப் பிடிக்கும் என்ற சந்தேகம் பலருக்கும் இருந்தது. அந்த ஃப்ளைநிட் ரேஸரில் லேஸ் வளையங்களிலிருந்து மெல்லிய இழைகள் சோல் வரைக்கும் இறங்கும். லேஸை இழுத்தால் அந்த விசை பாதத்தைச் சுற்றி இறங்கி அடியில் போய்ச் சேரும். பார்வைக்கு உங்கள் ஷூவை விட எளிமையானது. வேலை அதிகம்.

நீலவார்

மன்னிக்கணும், இதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாவற்றுக்கும் "வேலை என்ன" என்று கேட்டால் ஸ்டைல் என்ற தலைப்பே எதற்கு? 2023 பிப்ரவரியில் எம்எஸ்சிஎச்எஃப் என்ற அமெரிக்கக் கலைக்குழு அந்தப் பெரிய சிவப்பு பூட்ஸை விட்டது. கார்ட்டூன் கால் மாதிரி இருக்கும். நடக்கச் சௌகரியம் என்று யாரும் வாங்கவில்லை. ஆனால் பார்த்தவன் ஒருவனாவது மறந்திருப்பானா? தோற்றமும் ஒரு வேலைதான். பார்க்கிறவன் கண்ணில் ஒரு உதை விடுவதும் வேலைதான்.

வெள்ளிநிலா 9 கொடுத்தது அவருக்கு அதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்கு. அதில் நாம் ஏன் வெட்ட வேண்டும்?

பழைய_சோல்

நியாயம். அந்தச் சிவப்பு பூட்ஸ் "நான் ஓட உதவுவேன்" என்று நடிக்கவில்லை, அதனால் அது நேர்மையான ஷூ. எனக்கு எரிச்சல் தருவது நடுவில் நிற்கும் வகை. வேகம், அறிவியல், ஆய்வுக்கூடம் என்று தோற்றத்தாலேயே வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளே சாதா நுரையை வைத்திருப்பது. அலங்காரம் அலங்காரமாகவே வந்தால் நானும் கைதட்டுவேன்.

அச்சுப்பட்டறை

ஷூ தயாரிப்பில் மாதிரி எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தோற்றத்தைப் பற்றி நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்கும் அந்த 5-க்கு வருகிறேன். உண்மையான பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

ஷூ காலின் மேல் உருவாவதில்லை. லாஸ்ட் என்ற ஒரு கால் அச்சின் மேல் உருவாகிறது. உங்கள் பாதம் அந்த அச்சுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவுதான் பொருத்தம். சாதாரண ஷூவில் நாக்கு, லேஸ், பக்க மடல்கள் எல்லாம் இருப்பது அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான். புறங்கால் உயரமாக இருக்கிறவர் தளர்த்திக்கொள்வார், ஒல்லிக்கால்காரர் இறுக்கிக்கொள்வார். ஒரே துண்டு மேல்பகுதி, நாக்கு இல்லை, லேஸ் பேருக்கு என்றால் சரிக்கட்ட எதுவுமே இல்லை. உங்கள் கால் அந்த அச்சு மாதிரி இருந்தால் சொர்க்கம். இல்லையென்றால் கதை முடிந்தது.

இப்போது சொல்லுங்கள். எங்கே பிடிக்கிறது? குதிகால் நழுவுகிறதா? விரல் முட்டுகிறதா?

வெள்ளிநிலா

நீளம் சரியாக இருக்கிறது அண்ணா, முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறது. சுண்டுவிரலுக்குக் கொஞ்சம் பின்னால், பாதம் அகன்று வரும் இடத்தில் வெளிப்பக்கமாக அழுத்துகிறது. கழற்றினால் அங்கே செவுளின் வரி சிவப்பாகப் பதிந்திருக்கிறது. அரை சைஸ் பெரிதாக எடுத்தால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்கள்.

அச்சுப்பட்டறை

கிட்டத்தட்ட எல்லாக் கடையிலும் சொல்கிற பதில்தான். அதன் கணக்கைப் பார்ப்போம்.

யூகே அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நீளத்தில் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறக்குறைய 8.5 மி.மீ. வித்தியாசம். ஐரோப்பிய அளவில் 6.67 மி.மீ. ஆக யூகே அரை சைஸ் கூட்டினால் நீளம் 4 மி.மீ. சொச்சம் கூடும். அகலம் கூடுவது அதை விட ரொம்பக் குறைவு. உங்களுக்கு நீளம் ஏற்கனவே சரி. பெரிதாக எடுத்தால் குதிகால் நழுவும், அகலப் பிரச்சினையும் முழுசாகத் தீராது. அதோடு இன்னொன்று. பாதம் மடங்கும் இடமும் ஷூ மடங்கும் இடமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். பிரானாக் கருவி என்று கடைகளில் உலோகத்தில் ஒரு அளவுகோல் வைத்திருப்பார்களே, அது முழு நீளத்தோடு குதிகாலிலிருந்து விரல்மூட்டு வரையுள்ள நீளத்தையும் தனியாக அளப்பது இதற்காகத்தான். சைஸைக் கூட்டினால் அந்த மடிப்பு முன்னால் தள்ளிப் போய்விடும்.

ஒரு சோதனை. இன்சோலை, அதாவது ஷூவுக்குள் பாதம் படும் மெத்தையை, கழற்றித் தரையில் போட்டு, முழு எடையோடு அதன் மேல் நில்லுங்கள். சாயங்காலம் செய்யுங்கள், பகலெல்லாம் நடந்த பிறகு பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலை விட்டு வெளியே வழிகிறதா பாருங்கள்.

அகலப்பாதம்

ஐயோ, என் கதையை யாரோ எழுதியிருக்கிறார்கள்! எனக்கு முன்பாதம் அகலம், குதிகால் ஒல்லி. பெண்களில் நிறைய பேருக்கு இந்த அமைப்பு உண்டு. இந்த மாதிரி "எதிர்கால" மாடல்கள் பெரும்பாலும் யூனிசெக்ஸ், ஆண் பெண் இருவருக்கும் ஒன்றே, என்று வருகின்றன. அமெரிக்க அளவில் ஆண்கள் எண்ணோடு ஒன்றரை கூட்டி "பெண்கள் சைஸ்" என்று பெட்டியில் அச்சடித்துவிடுவார்கள். எண் மாறுகிறது, அச்சு அதே அச்சுதான். குதிகால் உள்ளே ஆடும்.

இதில் கூத்து என்னவென்றால், பெட்டியில் அகல எழுத்தைத் தேடினாலும் இருக்காது. ஓட்டத்துக்கென்றே வரும் ஷூக்களில் டி, 2இ, 4இ என்று அகலம் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஸ்டைலுக்கு என்று வருவதில் ஒரே அகலம். அந்தப் பளபளப்பெல்லாம் சராசரிக் காலுக்குத்தான்.

பின்னல் என்றால் நீளும், போகப் போகக் காலுக்குப் பழகும் என்று நம்பி ஒன்று வாங்கினேன். நீளவில்லை. அச்சுப்பட்டறை அண்ணா, அது ஏன்?

அச்சுப்பட்டறை

வெறும் பின்னலாக இருந்தால் நீளும். வடிவம் குலையாமல் நிற்கட்டும் என்று உள்பக்கமாக வெப்பத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் படலம் வைப்பார்கள், இல்லையென்றால் நூலோடு சூட்டில் உருகும் இழையைச் சேர்த்துப் பின்னி இறுக்குவார்கள். அங்கெல்லாம் நீளாது. மேலே விரலை வைத்து அழுத்துங்கள். துணி உள்ளே குழிந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். தகடு மாதிரி மொத்தமாக நகர்ந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். வெள்ளிநிலாவுக்கு வலிக்கும் இடத்தில் கூடும் ஒட்டியிருக்கிறது, அங்கே எதுவும் நீளப் போவதில்லை. தோலென்றால் கட்டை கொடுத்து அகட்டலாம். ஒட்டுப் பிளாஸ்டிக்கை அகட்டினால் பெயர்ந்து வரும்.

கட்டைவிரல்

இப்பத்தான் இழை சூடு பிடிக்குது. சரி, அந்த சொகுசு 7 எப்படி வந்துச்சு? அழுத்துதுன்னு சொல்றீங்க, 7-ம் கொடுக்குறீங்க?

வெள்ளிநிலா

அழுத்தத்தைப் பொருத்தத்தில் கழித்துவிட்டேனே! சொகுசு என்றால் அடியில் இருக்கும் மெத்தையைச் சொன்னேன். காலை வைத்தால் புதைகிறது. முதல் அடியிலேயே "ஆஹா" என்றிருந்தது.

ஓட்டக்காரன்

அந்த "ஆஹா"வைக் கொஞ்சம் சந்தேகப்படணும்.

கடையில ரெண்டு நிமிஷம் நின்னு பார்க்கிறப்ப கிடைக்கிறது மென்மை. சொகுசுங்கறது நாலு மணி நேரம் கழிச்சுக் கால் என்ன சொல்லுதுங்கறது. ரெண்டும் ஒண்ணில்ல. ரொம்ப மெத்துன்னு இருக்கிற உயரமான நுரையில பாதம் ஒவ்வொரு அடியிலயும் லேசா ஆடும். அதை நிலைநிறுத்தக் கணுக்காலைச் சுத்தி இருக்கிற தசைங்க நாள் பூரா வேலை செய்யும். ராத்திரி குதிகால் வலிக்காது, கணுக்கால் அசந்து போயிருக்கும்.

உயரமான சோல் எல்லாம் மோசம்னு சொல்ல வரலை. இப்ப மாரத்தான் ஷூ எல்லாமே உயரம்தான். 2020-ல உலகத் தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெடிக்ஸ் சாலை ஓட்டத்துக்கு சோல் தடிமன் 40 மி.மீ. தாண்டக்கூடாதுன்னு விதி போடுற அளவுக்குப் போச்சு. ஆனா அந்த நுரை வேற ரகம், லேசா இருந்துக்கிட்டே அமுங்கின வேகத்துல திரும்ப எழும்பும். நடுவுல விறைப்பா ஒரு கார்பன் தகடும் இருக்கும். ஸ்டைல் ஷூவுல பெரும்பாலும் ஈவிஏங்கிற சாதா பிளாஸ்டிக் நுரைதான். அது போட்டுப் போட்டு அமுங்கிப் போயிரும், பழையபடி எழும்பாது. அதுவும் அலை அலையாச் செதுக்கினா எடை ஒரே மாதிரி பரவாது, மெலிசா இருக்கிற இடம் முதல்ல உட்காரும்.

முன்பக்கம் வளைஞ்சிருக்குன்னு சொன்னீங்கல்ல, அது அலங்காரம் இல்ல. உண்மையிலேயே வேலை செய்யும். விரல்மூட்டு முழுசா மடங்காமலே பாதம் உருண்டு முன்னால போகும். மூட்டு வலி இருக்கிறவங்களுக்கு அது வரம். ஆனா ஒரே இடத்துல நின்னு வேலை பாக்குறவங்களுக்கு அந்த வளைவால பெருசா லாபம் இல்ல.

ஒண்ணு பண்ணுங்க. வீட்டுக்குள்ள படிக்கட்டு இருந்தா அதுல இறங்கிப் பாருங்க. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு.

நீலவார்

பென்னோ நிக் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2015-ல் சொன்னதை நினைத்துக்கொண்டேன். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தவர். ஓடுகிறவர் தனக்குச் சௌகரியமாகப் படும் ஷூவைத் தானே தேர்ந்தெடுத்தால் அவர் உடல் இயல்பாக அசையும் விதத்துக்கு அது ஒத்துப்போகும், காயத்துக்கான வாய்ப்பும் குறையலாம் என்பது அவர்கள் கருத்து. ஆக "ஆஹா"வை அப்படியே தள்ளிவிட முடியாது.

ஓட்டக்காரன்

தள்ளலை தோழி. அது ஒரு கருதுகோள், எனக்கும் பிடிச்சதுதான். ஆனா கேள்வி அந்த சௌகரியத்தை எப்ப கேக்குறோம்ங்கறது. நின்னுக்கிட்டுக் கேக்காதீங்க, நடந்துட்டுக் கேளுங்க. புது ஷூ கையில இருக்கிறப்ப கண்ணும் சேர்ந்து பதில் சொல்லும். பிடிச்ச ஷூ வலிக்காதுன்னு மனசு வக்காலத்து வாங்கும்.

பழைய_சோல்

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் பேசாத விஷயம்: வயசு. எதிர்காலத் தோற்றத்துக்குப் பயன்படுத்தும் பொருட்கள்தான் சீக்கிரம் கிழடு தட்டும். கண்ணாடி மாதிரியான சோல் காற்றிலும் வெயிலிலும் மஞ்சளாகும். வெள்ளிப் பூச்சு மடியும் இடத்தில் நரம்பு நரம்பாக விரியும். பாலியூரித்தேன் நுரையாக இருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சிதையும், பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும் ஒரு நாள் பொலபொலவென்று உதிரும். சேகரிப்பாளர்கள் பலர் பழைய ஜோடியைக் காலில் மாட்டிய அன்றே தூளாக்கியிருக்கிறார்கள். சாதா கான்வாஸ் ஷூ அழுக்கானால் அதிலும் ஒரு அழகு உண்டு. வெள்ளி ஷூ அழுக்கானால் வெறும் அழுக்கு.

அதனால் தோற்றத்துக்கு மார்க் போடும்போது கீறல் விழுந்த பிறகும் இதைப் போடுவேனா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வேன்.

நீலவார்

கீறல் விஷயத்தில் சரண்டர். என் ஜோடி ஒன்று வாழைப்பழ நிறத்துக்கு வந்துவிட்டது.

வெள்ளிநிலா

எல்லோருக்கும் நன்றி. சொன்ன சோதனைகளைச் செய்தேன்.

இன்சோல் மேல் நின்றேன். இடது காலில் சுண்டுவிரல் பக்கம் விளிம்பைத் தாண்டி வெளியே போகிறது. வலது காலில் விளிம்பிலேயே நிற்கிறது. இடது கால் கொஞ்சம் பெரிது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

படிக்கட்டில் இறங்கினேன். நீட்டிக்கொண்டிருக்கும் குதிகால், நான் எதிர்பார்ப்பதற்கு முன்னாலேயே படியைத் தொட்டுவிடுகிறது. பாதம் "சட்"டென்று முன்னால் சாய்கிறது. இரண்டாவது படியிலிருந்து பக்கவாட்டாகத் திரும்பித்தான் இறங்கினேன். சமதளத்தில் இது தெரியவே இல்லை.

தரை ஈரமாக இருந்த இடத்தில் லேசாக வழுக்கவும் செய்தது. அடிப்பகுதியில் ரப்பர் அங்கங்கே பொட்டு வைத்த மாதிரிதான் ஒட்டியிருக்கிறது, மிச்சமெல்லாம் நுரையே தரையைத் தொடுகிறது.

இப்போது மார்க் போட்டால் தோற்றம் 8 (9-ஐக் கைவிட மனசு வரவில்லை, ஆனால் செவுளுக்கு ஒன்று கழித்தேன்), பொருத்தம் 3, சொகுசு 5.

அச்சுப்பட்டறை

சராசரி போடுவதை முதலில் நிறுத்துங்கள் தம்பி. தோற்றத்தின் 8 சுண்டுவிரலுக்கு வந்து முட்டுக்கொடுக்காது. பொருத்தத்துக்கு மார்க்கே கிடையாது. பாஸ், இல்லையென்றால் ஃபெயில். பாஸான பிறகுதான் மற்ற இரண்டையும் பார்க்க வேண்டும். உங்களுடையது இடது காலில் ஃபெயில். கால் சோடியில் எது பெரிதோ அதற்குத்தான் ஷூ.

கட்டைவிரல்

அப்போ எனக்கு ஒரு சந்தேகம். தன்னாலே இறுக்கிக்கிற ஷூ வந்துச்சே, 2016-ல நைக்கியோட ஹைப்பர்அடாப்ட். மோட்டார் வச்சு இறுக்கும். அது இந்தப் பிரச்சினைக்கு வழி இல்லையா?

அச்சுப்பட்டறை

மோட்டார் லேஸின் வேலையைச் செய்யும். இறுக்கும், தளர்த்தும். அகலம் போதாத அச்சை அகலமாக்காது. அதற்கு அவரவர் பாதத்தை ஸ்கேன் செய்து அந்த அளவுக்கே 3டி பிரிண்டரில் எடுக்கும் வழி வந்திருக்கிறது. அது பரவலானால் இந்த இழைக்கே வேலை இல்லை. அதிலும் ஒரே பொருளில் மொத்த ஷூவும் வருவதால் காற்றோட்டம், தேய்மானம் என்று தனிப் பஞ்சாயத்து உண்டு. அதற்கு வேறு இழை போடுங்கள்.

அகலப்பாதம்

வெள்ளிநிலா, திருப்பிவிட்டு இதே சாயலில் வேறொன்று தேடுங்கள். எதிர்காலத் தோற்றம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நாக்கு தனியாக இருப்பது, லேஸ் உண்மையிலேயே இழுப்பது, வலிக்கும் இடத்தில் ஒட்டு வேலை இல்லாதது. இவ்வளவு போதும். வேண்டுமானால் கலாட்டாவையெல்லாம் சோலில் வைத்துக்கொள்ளட்டும், மேல்பகுதி அடக்கமாக இருக்கட்டும். எனக்கு அப்படித்தான் ஒன்று அமைந்தது.

வெள்ளிநிலா

சரி, திருப்புகிறேன். ஒரே வருத்தம், அந்த அலை வடிவ சோலை நிறுத்தி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் நிஜமாகவே அருமையாக இருக்கும். அடுத்ததில் உருப்படியான லேஸ் இருந்தால், சுண்டுவிரல் பக்கம் பிடிக்காமல் கட்ட ஏதாவது வழி உண்டா அண்ணா?

அச்சுப்பட்டறை

உண்டு. அழுத்தும் இடத்துக்கு நேரே இருக்கும் ஓட்டையில் குறுக்காகக் கோக்காதீர்கள். அந்த இடத்தில் மட்டும் லேஸை அதே பக்கமாக நேராக மேலே ஏற்றி, அடுத்த ஓட்டையிலிருந்து திரும்பக் குறுக்கே கட்டுங்கள். அங்கே இழுவிசை குறையும். குதிகால் நழுவினால் மேலே கடைசி இரண்டு ஓட்டைகளில் லேஸைச் சின்ன வளையமாக விட்டு, எதிர்ப்பக்க நுனியை அதற்குள் நுழைத்துப் பின்னோக்கி இழுங்கள்.

திருப்பும் வரை அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகாதீர்கள். நுரை அடி ஒரு தடவை தார்ச்சாலையில் பட்டாலே சொரசொரப்பாகிவிடும், அதைக் காட்டியே கடையில் வாங்க மாட்டேன் என்பார்கள்.